கரும்பலகையில் வேலைக்குப் போனவள்

பாக்கியலட்சுமிக்கு வாய் நீளம் என்பதில் கெர்பாவ் சாலைக் கடைவீட்டின் மாடியில் குடியிருந்த ஏழு குடும்பங்களுக்கும் ஒரே கருத்து. குழாயடியில் யார் முதலில் நிற்பது என்பது முதல் மாடிப்படியை யார் கூட்டுவது என்பது வரை வேறு எதிலும் அவர்கள் ஒத்துப்போனது கிடையாது. அவள் அம்மா முத்தாயியே, "இந்த வாயை வச்சுக்கிட்டு உன்னை எவன்டீ வேலைக்குச் சேர்ப்பான்?" என்று நாளுக்கு ஒருதரம் கேட்டுவிடுவாள்.

கேள்வியில் நியாயம் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு பிறந்தபோது பாக்கியத்துக்கு இருபது வயது. பள்ளிக்கூடத்தை விட்டு நான்கு வருஷம் ஆகியும் வேலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் அமையவில்லை. அப்பா பரமசிவம் சிலேத்தார் விமான தளத்தில் வெள்ளைக்காரனுடைய கிடங்கில் பெட்டி தூக்குகிறவர். வெள்ளைக்காரன் மூட்டை கட்டப்போகிறான் என்று அந்த ஜனவரியில் ரேடியோவே சொல்லிவிட்டது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பா மட்டும் சாப்பாட்டுத் தட்டை ஒரு பிடி சோறு முன்னதாகவே தள்ளிவைக்கப் பழகிக்கொண்டார்.

வேலை தேடுகிறவர்கள் பெயரைப் பதிகிற அலுவலகத்துக்கு அவள் மாதம் தவறாமல் போய்வந்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த கிராணி ஒவ்வொரு மாதமும் அதே கேள்வியைக் கேட்பார்.

"டைப்பிங் தெரியுமா?"

"போன மாசம் கேட்டீங்க. தெரியாதுன்னேன். நடுவுல யாரும் கத்துக்கொடுக்கலை."

அவர் நிமிராமலே அட்டையில் முத்திரை குத்துவார். அந்த ஒரு காரியத்தை மட்டும் அரசாங்கம் அவருக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தது.

ஒரு நாள் முத்திரைக்குப் பதிலாக ஒரு தாள் வந்தது. வேலையில்லாத இளம் பெண்களுக்குத் தையல் பயிற்சி, எட்டு மாதம், முடித்தவர்களுக்குத் தொழிற்சாலைகளில் நிரந்தர வேலை. பாலஸ்டியர் பக்கம் ஒரு பழைய தகரக்கூரைக் கட்டடத்தில் இரண்டு வருஷம் முன்பே நிலையத்தைத் திறந்திருந்தார்கள்.

நிலையத்தின் பொறுப்பாளர் சேதுபதி. முப்பத்தைந்து வயது, கழுத்தில் டை, சட்டைப்பையில் மூன்று பேனா. எழுதுவதற்கு மட்டும் அடுத்தவரிடம் இரவல் கேட்பார். அலுவலக அறையில் இங்கிலீஷ், மேடையில் செந்தமிழ், கோபம் வந்தால் மட்டும் தேக்கா சந்தைத் தமிழ். முதல் நாள் முப்பது பெண்களையும் வெயிலில் வரிசையாக நிற்கவைத்துப் பேசினார். "தொழில்மயம் என்னும் பேரூர்தி புறப்பட்டுவிட்டது! அதில் உங்களுக்கென இருக்கைகள் காத்திருக்கின்றன!" என்றார். முப்பதில் பத்துப் பேர்தான் தமிழர்கள். மற்றவர்கள் சீனப் பெண்களும் மலாய்ப் பெண்களும். அவர்கள் நிழல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியத்துக்குப் பக்கத்தில் நின்ற ஹலீமா, டன்லப் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அஹமது கபீரின் மகள், காதோரம் கேட்டாள்: "ஊர்தின்னா பஸ்ஸா?"

"ஆமா. நம்மளை ஏத்தாம போற பஸ்" என்றாள் பாக்கியம். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதம்.

பயிற்சி என்னவோ நடந்தது. பதினைந்து கால்மெஷின்கள், ஆளுக்குப் பாதி நாள். தையல் டீச்சர் சரஸ்வதி நல்ல மாதிரி. பூனை குறுக்கே போனால்கூட அதனிடம் மன்னிப்புக் கேட்பாள். கைக்குட்டைக்கு ஓரம் மடித்துத் தைப்பது முதல் மாதப் பாடம். இரண்டாவது மாதம் தலையணை உறை. மூன்றாவது மாதம் தலையணை உறைக்கு ஜாலர். இந்தத் தலையணைகள் எல்லாம் எந்தத் தொழிற்சாலையில் தூங்கப்போகின்றன என்று பாக்கியம் கேட்டாள். டீச்சர் ஜாலர் மடிப்பைச் சரிசெய்தாள்.

கடைசி அறையில் ஒரு கரண்டு மெஷின் இருந்தது. சட்டைத் தொழிற்சாலைகளில் ஓடுகிற அதே ரகம். மேஜைக்கு அடியில் பூசணிக்காய் பருமனில் மோட்டார். அதற்குச் சேதுபதியே அளவு கொடுத்துத் தைக்கவைத்த பச்சைத்துணி உறை போட்டிருந்தார்கள். பெரிய மனிதர்கள் நிலையத்தைப் பார்க்க வரும் நாளில் உறையை எடுப்பார்கள். சிரித்த முகமாக ஒரு பெண்ணைத் தேர்ந்து அதன் முன்னால் உட்காரவைப்பார்கள். படம் எடுப்பார்கள். சுவிட்சைப் போடமாட்டார்கள். வந்தவர்களின் கார் தெருமுனை திரும்புவதற்குள் பச்சை உறை மறுபடியும் ஏறிவிடும். சரஸ்வதி டீச்சருக்கே அதை ஓட்டத் தெரியாது. அவளிடம் யாரும் அதைக் கேட்டதும் இல்லை.

மே மாதம் சேதுபதி மூன்று பெண்களைக் கூப்பிட்டார்: பாக்கியம், ஹலீமா, கிம் என்ற சீனப் பெண். கலாங் பக்கத்தில் ஹாங்காங்காரர்கள் நடத்தும் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், மூவரும் நிலையத்தின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றார். வாசலில் நிற்கவைத்து வழியனுப்பும் படமும் எடுத்தார்.

தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் பாக்கியம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். இருநூறு மெஷின்கள் ஒரே சமயத்தில் இரைந்தன; தரை நடுங்கியது. ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தவள் மிஸ் லியோங், ஒடிசலான நடுவயதுக்காரி. ஒரு பேச்சும் இல்லாமல் ஒரு சட்டைக் கையை எடுத்துக் கொடுத்து, ஒரு மெஷினைக் காட்டினாள். பாக்கியம் கால்மெஷினை மிதிக்கிற மாதிரியே மிதித்தாள். மெஷின் துள்ளிப் பாய்ந்தது. துணியை அது விழுங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். இவள் கையை எடுப்பதற்குள் சட்டைக் கை முழங்கையிலிருந்து கோணலாகத் தைக்கப்பட்டு, எந்த மனிதக் கையும் நுழைய முடியாத ஒரு பையாகிவிட்டது. ஹலீமாவுக்கு அதுவும் வரவில்லை. சத்தத்தைக் கேட்டதும் காலை எடுத்துவிட்டாள். கிம்முக்கும் அதே கதிதான்.

மிஸ் லியோங் அந்தப் பையைத் தூக்கிப் பார்த்தாள். "தா போலே" என்றாள். முடியாது என்பதற்கு அந்த ஊரில் எல்லா இனத்தாருக்கும் பொதுவான மலாய் அது. மூவரும் வெளியே வந்தபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

பஸ்ஸில் பாக்கியம் வாய் திறக்கவில்லை. ஹலீமாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை நிலையத்துக்கு வந்த பாக்கியம் வாசலிலேயே நின்றுவிட்டாள். முன்கூடத்தில் ஒரு கரும்பலகை உண்டு. "நிரந்தர வேலை பெற்றவர்கள்" என்று நான்கு மொழிகளிலும் எழுதி, கீழே ஓர் எண்ணைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். நேற்று வரை அது நாற்பத்தொன்று. இப்போது நாற்பத்து நான்கு.

"சார், யார் சார் அந்த மூணு பேரு?" என்று சேதுபதியிடம் கேட்டாள்.

"வாட் மூணு பேரு?"

"புதுசா வேலை கிடைச்சவங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "உங்களை ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பியாச்சு. அனுப்பறதோட எங்க கடமை முடிஞ்சுது. நீங்க திரும்பி வந்தது உங்க சொந்த விஷயம்."

"அப்ப முன்னாடி இருந்த நாற்பத்தொரு பேரும்?"

"கிளாஸுக்குப் போம்மா."

அவள் போனாள். சரஸ்வதி டீச்சர் பெயர்ப் பட்டியலை வாசித்தாள். அதில் பாக்கியலட்சுமி இல்லை, ஹலீமா இல்லை. கிம்மும் இல்லை, அவள் அன்றைக்கு வரவும் இல்லை. மாமாவின் மீ நூடுல்ஸ் கடையில் கிண்ணம் கழுவப் போய்விட்டாள். மூவரில் உண்மையிலேயே வேலைக்குப் போனவள் அவள் ஒருத்திதான். அதில் அரசாங்கத்துக்குச் சம்பந்தமில்லை. மற்ற இருவரும் கணக்குப்படி கலாங்கில் சட்டை தைத்துக்கொண்டு, உடம்போடு பாலஸ்டியரில் உட்கார்ந்திருந்தார்கள். சேதுபதி அவர்களை விரட்டவில்லை. பார்க்க வருகிறவர்கள் கண்ணுக்கு பெஞ்சு நிறைந்து தெரிய வேண்டும். அதற்குப் பெயர் எதற்கு, ஆள் போதும்.

ஜாலர் தைப்பதை பாக்கியம் அன்றோடு நிறுத்தினாள்.

மத்தியானம் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. சேதுபதி காரில் வெளியே போய்விடுவார். டீச்சர் மரத்தடியில் டிபன் கேரியரைப் பிரிப்பாள். கடைசி அறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பது காவல்காரர் ஒலி முகம்மது. நாகூர்க்காரர், முன்பு கப்பல் பட்டறையில் இருந்தவர்; பெண்களுக்கெல்லாம் நானா, அதாவது அண்ணன். பாக்கியமும் ஹலீமாவும் அவர் முன்னால் போய் நின்றார்கள்.

"நானா, அந்த மெஷினை நாங்க ஓட்டிப் பார்க்கணும்" என்றாள் பாக்கியம்.

"யாரும் தொடக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு."

"நாங்க யாரும் இல்லை நானா. லிஸ்டைப் பாருங்க, எங்க பேரே கிடையாது."

ஒலி முகம்மது எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார். "நான் டீ குடிக்கப் போறேன். அரை மணி நேரம் ஆகும்லா. மெயின் சுவிட்சு கதவுக்குப் பின்னாடி இருக்குன்னு நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

முதல் நாள் ஊசி ஒன்று முறிந்தது. ஹலீமா "யா அல்லாஹ்" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இரண்டாவது நாள் மோட்டாரின் இரைச்சலுக்குக் காது பழகியது. நான்காவது நாள்தான் சூட்சுமம் பிடிபட்டது. கால்மெஷினில் பாதம் முழுவதும் உழைக்க வேண்டும். இதிலோ குதிகாலை ஊன்றிக்கொண்டு கட்டைவிரலால் தொட்டால் போதும். முன்னால் அழுத்தினால் ஓட்டம், குதிகாலைப் பின்னால் சாய்த்தால் நிற்கும். வீட்டிலிருந்த பழைய சாக்கு, கபீர் கடையின் கிழிந்த மாவுப் பை, அப்பாவின் பழைய காக்கிக் கால்சட்டை எல்லாவற்றிலும் நேர்கோடு ஓட்டினார்கள். பிறகு வளைவு, பிறகு காலர், பிறகு கை. தைத்ததைப் பிரித்து மறுபடியும் தைத்தார்கள். ஒலி முகம்மது தெருமுனை அண்ணாச்சி கடையில் ஆறு வாரம் டீ குடித்தார். அதில் அவருக்கு வயிற்றெரிச்சல் வந்ததுதான் மிச்சம் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்.

ஜூலைக் கடைசியில் வெளிநாட்டு நிபுணர் ஒருவர் நிலையத்தைப் பார்க்க வந்தார். உயரமானவர், வெயிலில் சிவந்த மூக்கு. சேதுபதி வழக்கம்போலப் பச்சை உறையைத் தம் கையாலேயே எடுத்தார். எடுத்தவர் முகம் மாறியது. மெஷின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு. துணியை நகர்த்துகிற பற்களுக்கிடையில் காக்கிப் பஞ்சு. மேஜை ஓரம் தேய்ந்து மினுமினுத்தது. அந்த நிபுணர் குனிந்து பஞ்சை விரலால் எடுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தான் இதுவரை பார்த்த நிலையங்களிலேயே மெஷினை உண்மையில் பயன்படுத்துகிற நிலையம் இது ஒன்றுதான் என்று சேதுபதியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சேதுபதி பல்லெல்லாம் தெரியச் சிரித்து, நடைமுறைப் பயிற்சிதான் எங்கள் கொள்கை என்றார்.

கார் போனது. சேதுபதி கூடத்துக்கு வந்தார்.

"எவ அந்த மெஷினைத் தொட்டது?"

தேக்கா தமிழ் வந்துவிட்டது என்று தமிழ்ப் பெண்கள் பத்துப் பேருக்கும் புரிந்தது. ஒலி முகம்மது முக்காலியிலிருந்து எழுந்தார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே பாக்கியம் எழுந்து நின்றாள்.

"நான்தான் சார்."

"யாரைக் கேட்டுத் தொட்ட? அது அரசாங்கச் சொத்து தெரியுமா?"

"தெரியும் சார். நாங்க பழகறதுக்குத்தான் அரசாங்கம் வாங்கிக் கொடுத்துச்சுன்னு நினைச்சேன். படம் எடுக்கறதுக்குன்னு தெரியாமப் போச்சு."

"கொழுப்பா? உன்னை இன்னையோட நீக்கறேன். லெட்டர் அடிச்சு உங்கப்பனுக்கு அனுப்பறேன்."

"அனுப்புங்க சார்" என்றாள் பாக்கியம். குரலை உயர்த்தவே இல்லை. "ஆனா எங்கேயிருந்து நீக்குவீங்க? நான்தான் மே மாசமே நிரந்தர வேலைக்குப் போயிட்டேனே. நாலு பாஷையில நீங்களே எழுதி வச்சிருக்கீங்க. லெட்டர்ல என்னன்னு போடுவீங்க? வேலைக்குப் போன பொண்ணு இங்க வந்து மெஷினைத் தொட்டுச்சுன்னா?"

கூடத்தில் கால்மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சேதுபதி கரும்பலகையைப் பார்த்தார், பாக்கியத்தைப் பார்த்தார். அவளை நீக்க வேண்டுமென்றால் முதலில் சேர்க்க வேண்டும்; சேர்க்க வேண்டுமென்றால் எண்ணைக் குறைக்க வேண்டும். குறைந்த எண்ணை மேலிடத்துக்கு அனுப்பிய பொறுப்பாளர் எவரும் உலகத்தில் இல்லை. அவர் தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று மாலை கடைசி அறைக்குப் பூட்டு வந்தது.

பாக்கியம் அந்த வார முடிவில் நின்றுவிட்டாள். சொல்லிக்கொண்டு வரவில்லை, இல்லாதவள் யாரிடம் சொல்லிக்கொள்வது?

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே கலாங் தொழிற்சாலை வாசலில் வேலை கேட்டு நிற்பவர்களோடு வரிசையில் நின்றாள். மிஸ் லியோங்குக்கு ஞாபகசக்தி அதிகம், அவளைப் பார்த்ததும் கையை ஆட்டி, "நீயா? தா போலே" என்றாள்.

"ஹாரி இனி போலே" என்றாள் பாக்கியம். இன்றைக்கு முடியும்.

அந்தப் பதில் பிடித்ததோ, வேறு ஆள் கிடைக்கவில்லையோ, மிஸ் லியோங் பத்துச் சட்டைக் கைகளை எடுத்து மேஜைமேல் வீசினாள். பாக்கியம் செருப்பைக் கழற்றினாள். குதிகாலை ஊன்றினாள். பத்தும் முடிந்தபோது மிஸ் லியோங் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏழாவதை மட்டும் பிரித்துத் தைக்கச் சொன்னாள். அதையும் தைத்த பிறகு அட்டை ஒன்றை நீட்டி, எந்தப் பயிற்சி நிலையத்தில் படித்தாய் என்று கேட்டாள். பாக்கியம் எங்கும் இல்லை என்றாள். வேலைக்கு அனுப்பச் சொல்லி வீட்டில் மூன்று நாள் ஒற்றைக்காலில் நின்று சண்டை போட்டு ஹலீமாவும் இரண்டு வாரம் கழித்து வந்து சேர்ந்தாள்.

சரித்திரம் இதோடு முடிந்திருக்கலாம். டிசம்பரில் சேதுபதியிடமிருந்து கடிதம் வந்தது. நிலையத்தின் ஆண்டு விழா, ஞாயிற்றுக்கிழமை, பயிற்சியால் நிரந்தர வேலை பெற்ற மாணவி என்ற முறையில் செல்வி பாக்கியலட்சுமி உரையாற்ற வேண்டும். உரையும் கூடவே இருந்தது, இரண்டு பக்கம், செந்தமிழில். "இருளில் உழன்ற என் வாழ்வில் ஒளியேற்றிய" என்று அது தொடங்கியது.

"இதைக் கிழிச்சுப் போடு" என்றாள் ஹலீமா.

"போறேன்" என்றாள் பாக்கியம். "அங்க புதுசா சேர்ந்த முப்பது பொண்ணுங்க ஜாலர் தைச்சுக்கிட்டு இருக்கு."

மேடையில் மாலை போட்ட மேலதிகாரி ஒருவரும், சிவந்த மூக்கு நிபுணரும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்கச் சேதுபதி பக்கத்தில் நின்றார். பாக்கியம் காகிதத்தை விரித்தாள், "இருளில் உழன்ற" வரை வாசித்தாள், மடித்தாள்.

"இது சார் எழுதினது, சாரே வாசிச்சுக்குவாரு" என்றாள். "நான் பேக்டரியைப் பத்திச் சொல்றேன். அங்க கைக்குட்டையும் கேட்க மாட்டாங்க, தலையணை உறையும் கேட்க மாட்டாங்க. கரண்டு மெஷின்ல பத்துச் சட்டைக் கை. அவ்வளவுதான் பரீட்சை. உள்ளே பூட்டி வச்சிருக்கற மெஷின்ல பழகாம எட்டு மாசம் இல்லை, எட்டு வருஷம் இங்க இருந்தாலும் உங்களை எடுக்க மாட்டாங்க. நாளைக்கே போய்த் திறக்கச் சொல்லுங்க. திறக்கற வரைக்கும் ஜாலரைத் தொடாதீங்க."

சேதுபதி மேலதிகாரியின் பக்கம் குனிந்தார். அரசாங்கத்துக்கு அவள் நன்றி சொல்கிறாள், எல்லோரும் கடுமையாகப் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறாள் என்று இங்கிலீஷில் சொன்னார். மேலதிகாரி பலமாகக் கைதட்டினார். தமிழ்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் மலாயில் பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுக்க, அவள் அடுத்தவளிடம் சொல்ல, சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. நல்ல பேச்சாளி என்று நிபுணர் தலையாட்டினார்.

மறுநாள் முப்பது பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூன்று நாள் உட்கார்ந்தார்கள். நான்காவது நாள், யாரும் எதிர்பாராத விதமாக, சரஸ்வதி டீச்சர் போய்ச் சாவியை வாங்கி வந்தாள். எல்லோருக்கும் முன்னால் அவள்தான் முதலில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாள், துணியை மெஷின் விழுங்கியதும் அலறினாள், மறுபடியும் உட்கார்ந்தாள். அடுத்த வருஷம் பாதியில் அந்த நிலையத்துக்கு இன்னும் ஆறு கரண்டு மெஷின்கள் வந்தன. தமது விடாமுயற்சியால் வந்தவை என்று சேதுபதி அறிக்கை எழுதி, அதன் பலத்தில் பெரிய அலுவலகத்துக்குப் பதவி உயர்ந்து போனார். போகட்டும் என்றாள் பாக்கியம். அந்த ஆள் எந்தப் பதவியில் இருந்தாலும் ஒரு மெஷினுக்கும் கெடுதல் வராது, தொட்டால்தானே.

தொழிற்சாலை ஒன்றும் சொர்க்கமாக இல்லை. கழிப்பறைக்குப் போகச் சீட்டு வாங்க வேண்டும். தகரத்துக்குக் கீழே மத்தியானத்தில் மூளை வேகும். அதைப் பற்றியும் பாக்கியம் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. முதலில் மிஸ் லியோங்கிடம், பிறகு தொழிற்சங்கத்தில். அவளை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று நிர்வாகம் கொஞ்சம் யோசித்துத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவள் காலர் தைத்தால் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. அறுபத்தொன்பது மார்ச்சில் அவளை நிரந்தரமாக்கிக் கடிதம் கொடுத்தார்கள்.

அதே வாரம் பரமசிவத்துக்கும் விமான தளத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. இருபத்திரண்டு வருஷ சேவைக்கு நன்றி, ஜூனோடு வேலை இல்லை. அன்று சாயங்காலம் அவர் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இங்கிலீஷ் தெரியாத கண்ணால் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிரந்தரம்னு எங்கம்மா போட்டிருக்கு?"

பாக்கியம் விரலை வைத்துக் காட்டினாள்.

"எனக்கும் அப்படித்தான் ஒண்ணு கொடுத்தான், நாற்பத்தேழுல" என்றார் அவர். "அப்படின்னா என்ன அர்த்தம்?"

"அவங்க போன்னு சொல்ற வரைக்கும்னு அர்த்தம்பா."

பரமசிவம் சிரித்தார். பல நாளைக்குப் பிறகு அவர் சிரிப்பதைக் கேட்டு முத்தாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வேலை கொடுக்கிறவன் தலையெழுத்தையே படித்துச் சொல்கிற பெண்ணை எவன் கட்டிக்கொள்வான் என்று ஆரம்பித்தாள். மகள் தட்டை எடுத்து அப்பாவுக்கு முன்னால் வைத்து, சோற்றைக் கொஞ்சம் அதிகமாகவே போட்டாள். காலையில் ஐந்தே முக்காலுக்கு பஸ் பிடிக்க வேண்டும். அந்த வருஷம் முடியுமுன் இருபது மெஷின்கள் கொண்ட ஒரு வரிசை அவள் பொறுப்பில் வந்தது.